மாமியாரின் தாய்மொழி

“உங்க மாமியாருக்குத் தாய்மொழி என்ன?”

வேலைக்கான நேர்காணலில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று மாப்பிள்ளை எதிர்பார்க்கவில்லை. அவன் வந்திருந்தது பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. சாக்பீஸ், துடைப்பம், கால் உடைந்த பெஞ்சு பற்றி ஏதாவது கேட்பார்கள் என்று தயாராகி வந்தவனிடம், தலைமையாசிரியை எடுத்த எடுப்பிலேயே மாமியாரை இழுத்தார்.

“அக்கரை மொழி, மேடம். ஏன், அவங்களுக்கு என்ன?”

“அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம்.” ஸ்டோர் ரூம் விண்ணப்பத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார் அவர். “இன்னியிலேர்ந்து நீங்க இருமொழி ஆசிரியர்.”

மாப்பிள்ளைக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கல்யாணமாகி மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டதால், மளிகைக்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை தெருவே அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட, பெயர் புழக்கமில்லாமல் துருப்பிடித்துப் போயிற்று.

ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு ஓர் ஆறு ஓடியது. இக்கரையில் ஒரு மொழி, அக்கரையில் வேறு மொழி. பாலம் வந்து, அக்கரைக் குடும்பங்கள் இக்கரையில் வீடு பிடித்ததும், அரசாங்கம் இருமொழிப் பள்ளி ஒன்றைத் திறந்தது. கட்டடம் வந்தது, பெஞ்சு வந்தது, இரண்டு மொழியிலும் பெயர்ப்பலகை வந்தது. இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர் மட்டும் வரவில்லை. உரிமம் வாங்கப் பட்டம் வேண்டும், பயிற்சி வேண்டும், எழுத்துத் தேர்வு வேண்டும், வாய்மொழித் தேர்வு வேண்டும். இவ்வளவையும் தாண்டும் கெட்டிக்காரன் எவனும் ஒன்றாம் வகுப்புக்கு மூக்குத் துடைத்துவிட வரமாட்டான் என்பது துறைக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

புரிந்ததும் விதிகளைத் தளர்த்தியது. விருந்து சாப்பிட்டவன் பெல்ட்டை ஒவ்வொரு ஓட்டையாகத் தளர்த்துவதுபோல முதலில் எழுத்துத் தேர்வை எடுத்தது, பிறகு வாய்மொழித் தேர்வை எடுத்தது, அப்புறம் பயிற்சியை எடுத்தது. போன வாரம் பெல்ட்டையே கழற்றிக் கடாசிவிட்டது.

“கேளுங்க,” என்று தலைமையாசிரியை சுற்றறிக்கையை வாசித்தார். “‘இருமொழி ஆசிரியர் மற்றும் தொடர்புடைய அனைத்துப் பணியிடங்களுக்கும், அக்கரை மொழியில் தேர்ச்சி என்பதற்குப் பதிலாக, அக்கரை மொழியில் அக்கறை என்று வாசித்துக்கொள்ளவும். விண்ணப்பதாரரின் தாயார் அல்லது மாமியார் அம்மொழி பேசுபவராக இருப்பின், அக்கறை உள்ளதாகக் கொள்ளப்படும்.’”

“மேடம், எனக்கு அந்த மொழி அவ்வளவா...”

“வீட்ல பேசினா புரியுமா?”

“அத்தை சொல்றது எல்லாமே புரியும்.”

“அப்புறம் என்ன? இதுக்கு முன்னாடி இருந்தவரு அக்கரைச் சந்தையில வியாபாரம் பண்ணவரு. அவருக்கு எண்ணு மட்டும்தான் தெரியும். பிள்ளைங்க பத்துன்னு சொன்னா, அஞ்சுக்குக் கேப்பாரு.” தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். “இப்போதைக்குத் தற்காலிகம். ஆய்வாளர் வந்து பாத்து ஓகே சொல்லிட்டா நிரந்தரம்.”

நிரந்தரம் என்ற சொல் மாப்பிள்ளையின் காதில் தேனாகப் பாய்ந்தது. பாலத்தடியில் ஒரு சின்ன வாடகை வீட்டை அவனும் மனைவியும் பார்த்து வைத்திருந்தார்கள். நிரந்தர வேலைக் கடிதத்தைக் கண்ணில் காட்டினால்தான் சாவி என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அத்தை சொல்வதெல்லாம் புரியும் என்று அவன் சொன்னது பொய்யில்லை. மாமியார் இக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து தலை நரைத்த பிறகும் இந்த ஊர் மொழியில் ஒரு சொல் பேசியதில்லை. அது அவளுடைய கொள்கை. மாமனார் இருந்தவரை அவர் மொழிபெயர்த்தார். அவருக்குப் பிறகு மகள் அந்தப் பொறுப்பை ஏற்றாள். மாப்பிள்ளை வாசற்படி ஏறும்போதெல்லாம் மாமியார் உள்ளங்கையால் நெற்றியைத் தட்டி, அந்தக் கையை அவன் பக்கம் உதறி, “பொல்தாரி சிமோ” என்பாள்.

“‘வாங்க மாப்பிள்ளை, நீங்க வந்ததும் வீடே நெறைஞ்சு போச்சு’ங்கறாங்க,” என்பாள் மனைவி.

சாப்பிட உட்கார்ந்தால் மாமியார் தட்டைப் பார்த்துவிட்டு, “கர்ஜு நத்தேலா” என்பாள்.

“‘எளைச்சுட்டீங்க, நல்லாச் சாப்பிடுங்க’ங்கறாங்க.”

சின்ன வயதிலேயே தாயை இழந்தவன் மாப்பிள்ளை. இளைத்துவிட்டாய் என்று அவனிடம் சொல்ல உலகத்தில் வேறு யாரும் இருந்ததில்லை. அதனால் அத்தையின் மனம் நோகக் கூடாதே என்று இன்னொரு முறை போட்டுக்கொள்வான். மாமியார் மறுபடியும், இன்னும் உரக்க, “கர்ஜு நத்தேலா” என்பாள். அவனுக்குக் கண் கலங்கிவிடும்.

வேலை கிடைத்த சேதியைக் கேட்டதும் மனைவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், டாக்டர்களின் கையெழுத்தையே கலங்காமல் படிப்பவள்.

“என்ன பாடம்?”

“அக்கரை மொழி.”

“யாரு, நீங்களா?”

“ஏன், அத்தை பேசறது எல்லாம் எனக்கு அத்துப்படி ஆச்சே.”

மனைவி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். பாலத்தடி வீடு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

“அந்த ஸ்டோர் ரூம் வேலை இன்னும் காலியா இருக்கான்னு கேட்டு வைங்க,” என்று மட்டும் சொன்னாள்.

“அதை விடு. எனக்கு ஒரே கவலைதான். நாம தனியாப் போயிட்டா அத்தை தாங்குவாங்களா?”

“தாங்குவாங்க,” என்றாள் மனைவி.

ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இக்கரை, பாதி அக்கரை. முதல் நாளே மாப்பிள்ளை விஷயத்துக்கு வந்துவிட்டான். வீட்டுக்கு யாராவது வந்தால் என்ன சொல்ல வேண்டும்? உள்ளங்கையால் நெற்றியைத் தட்டி, கையை உதறிக் காட்டி, “பொல்தாரி சிமோ” என்றான்.

அக்கரைப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது. தாய்மொழியைக் கேட்டதும் பிஞ்சுகளின் முகம் எப்படி மலர்கிறது என்று மாப்பிள்ளை பூரித்துப் போனான். இக்கரைப் பிள்ளைகள் பாடத்தைக் கர்ம சிரத்தையாக மனப்பாடம் செய்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் தட்டைப் பார்த்து ஒருவர் “கர்ஜு நத்தேலா” என்று உபசரித்துக்கொண்டார்கள். ஒரு மொழியை இவ்வளவு சீக்கிரம் எந்தப் பயிற்சி பெற்ற ஆசிரியராலும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

சில நாளில் ஓர் அக்கரைப் பெண்மணி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குள் புகுந்தாள். புகுந்த வேகத்தில் பேச ஆரம்பித்தாள். தலைமையாசிரியைக்கு ஒரு சொல்லும் விளங்காமல், மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்ன சொல்றாங்க சார்?”

மாப்பிள்ளை கூர்ந்து கேட்டான். மழையாகக் கொட்டிய சொற்களுக்கு நடுவே தெரிந்த முகம்போல “பொல்தாரி சிமோ” வந்தது. மறுபடியும் வந்தது. பிறகு “கர்ஜு நத்தேலா” வந்தது. அந்த அம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவனுக்கு வீட்டில் இருப்பதுபோலவே இருந்தது.

“பொண்ணு வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் வரவேற்கறாளாம் மேடம். நேத்து இவங்க மாமனார் வந்தாராம், அவரையும் வரவேற்று, சாப்பிட வேற சொன்னாளாம். குடும்பமே நெகிழ்ந்து போச்சாம். நம்மளையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடறாங்க.”

“அட, எவ்வளவு நல்ல மனசு,” என்றார் தலைமையாசிரியை. “அழறாங்களே?”

“ஆனந்தம், மேடம்.”

தலைமையாசிரியை எழுந்து வந்து, அந்த அம்மாளுக்கு நேராக நின்று, நெற்றியைத் தட்டிக் கையை உதறி, மனமார “பொல்தாரி சிமோ” என்றார். அந்த அம்மாளின் பேச்சு அப்படியே நின்றது. மகளை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

“வாயடைச்சுப் போயிட்டாங்க பாத்தீங்களா? நாம அவங்க மொழியில பேசினோம்ல, அந்த மரியாதை,” என்றார் தலைமையாசிரியை. அன்று மாலையே பெயிண்டரை வரவழைத்தார். பள்ளி வாசலில், எல்லோரும் படிக்கும்படி இக்கரை எழுத்தில், ஆள் உயரத்துக்கு எழுதச் சொன்னார்: ‘பொல்தாரி சிமோ’. ஆய்வாளர் வருகிற தேதியும் அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. வாசலைப் படம் எடுத்துத் துறைக்கும் அனுப்பி வைத்தார்.

வேலைக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி அந்த வாசலைப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள்.

“ஏங்க, அது என்ன எழுதியிருக்கு?”

“நம்ம அத்தைதான்,” என்றான் மாப்பிள்ளை பெருமையாக. “அவங்க சொன்ன வார்த்தை ஊர் வாசல்ல நிக்குது.”

மனைவி அவனை மரத்தடிக்கு இழுத்துப் போனாள். இதற்கு மேல் மறைத்தால் குடி முழுகிவிடும் என்று தெரிந்துபோயிற்று.

“நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படக் கூடாது. அதுக்கு அர்த்தம் ‘வாங்க’ன்னு இல்ல.”

“பின்ன?”

“‘வந்துடுச்சு தண்டச்சோறு.’”

மாப்பிள்ளை மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“கர்ஜு நத்தேலா?”

“‘இது வயிறா, கெணறா?’”

“அப்ப இத்தனை வருஷமா நீ...”

“எங்கப்பாகிட்ட கத்துக்கிட்டதுங்க. அம்மா சொன்னதை எல்லாம் அவர் அப்படியே சொல்லியிருந்தா, எங்கப்பாவைப் பெத்த பாட்டியோட அம்மா ஒரு நாள் ஒத்துப் போயிருக்க முடியுமா? வீட்ல நிம்மதி வேணும்னா மொழிபெயர்க்கறவங்க கொஞ்சம் முன்னப்பின்னதான் சொல்லணும்.” அவள் குரல் உடைந்தது. “எனக்கும் பொய் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுங்க. அந்தத் தனி வீடு கெடைச்சா போதும்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“அத்தை ஒரு தடவகூட என்னை வாங்கன்னு சொன்னதே இல்லையா?”

“சொன்னாங்க, கல்யாணத்தன்னிக்கு. அப்ப உங்களைப் பத்தித் தெரியாது.”

மாப்பிள்ளைக்கு வேலை போவதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. எத்தனை சாப்பாட்டு வேளையில் அந்த வார்த்தைக்காக இன்னொரு முறை போட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்ததும் நெஞ்சு அடைத்தது. வயிறும் கனத்தது.

“சரி, உண்மையான வரவேற்புக்கு என்ன வார்த்தை?”

“சுவேலா.”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “இதை மட்டும் எப்படி நம்பறது?”

தலைமையாசிரியையிடம் போய் நின்றான். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் ஆய்வாளரை வாசலிலேயே தண்டச்சோறு என்று கூப்பிட்டதாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான். நடுவழி எப்போதும் பள்ளத்தில்தான் போய் முடியும் என்பது அவனுக்குத் தெரியாது.

“மேடம், அதைவிட மரியாதையான வரவேற்பு ஒண்ணு இருக்கு. அதை அழிச்சுட்டு இதை எழுதிடலாம்.”

“அழிக்கறதா? படம் துறைக்கே போயாச்சு சார். ஆயில் பெயிண்டு வேற. கீழ இடம் இருக்கு, இதையும் சேத்து எழுதிடலாம். பிள்ளைங்க ரெண்டையும் சொல்லட்டும்.” தலைமையாசிரியைக்கு உற்சாகம் தாங்கவில்லை. “என்ன வார்த்தை அது?”

“நாளைக்குச் சொல்றேன் மேடம்.”

இந்தத் தடவை நடுவில் ஆளே வேண்டாம் என்று மாப்பிள்ளை முடிவு செய்தான். மனைவி கடையிலிருந்து வருவதற்குள் வீட்டுக்குப் போய், மாமியார் முன்னால் நின்றான். மாமியார் வழக்கம்போல் நெற்றியைத் தட்டி வரவேற்றாள். அவன் அதைக் காதில் வாங்காமல் ஜாடையில் கேட்டான். வெளியே போய்க் கதவைச் சாத்தினான். தட்டினான். கதவைத் திறந்ததும், கையில் பையோடு பெரிய மனிதன் மாதிரி நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ‘இப்படி ஒருத்தர் வந்தா என்ன சொல்வீங்க?’ என்று கையை விரித்தான்.

மாமியார் பையைப் பார்த்தாள், சிரிப்பைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

“நெய்மா நெய்மா, ருஷ்கோ,” என்று கையை வாசல் பக்கம் வீசிச் சொன்னாள்.

நடிப்பு நன்றாக இருந்தது என்று நினைத்தாளோ என்னவோ, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பே போதும் என்றிருந்தது அவனுக்கு. மறுநாள் வார்த்தையை வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே பள்ளிக்குப் போனான். கோபத்தில் மனைவியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிள்ளைகள் அதையும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். அக்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர் என்றாகிவிட்டது. காய்ச்சல் என்றாலும் லீவு போட மறுத்தார்கள்.

ஆய்வு நாளன்று மனைவி மனசு கேட்காமல் கடையில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்தாள். வாசலில் ஈரம் காயாத இரண்டாவது வரியைப் பார்த்தவள், மாப்பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“அத்தைகிட்டயே நேராக் கேட்டுட்டேன். நடுவுல யாரும் இல்லாம.”

“அய்யோ, அது சாமான் விக்கறவங்க கதவைத் தட்டினா அம்மா சொல்றதுங்க. ‘ஒண்ணும் வேண்டாம், நடையைக் கட்டு.’”

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்தான். அழிக்கத் துணி ஏதாவது கிடைக்குமா என்று திரும்புவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

இறங்கியவர் அந்தப் பகுதிக்கே புதிதாக வந்திருந்த இருமொழிக் கல்வி ஆய்வாளர். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். போன பள்ளியில் ஒரு வாத்தியாரைப் பதிலே பேச விடாமல் வீட்டுக்கு அனுப்பியவர் என்று கேள்வி. வாசலிலேயே நின்று தலையைத் தூக்கிச் சுவரைப் படித்தார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. நேராக உள்ளே நடந்தார்.

“படிச்சுட்டாரு,” என்றாள் மனைவி மெதுவாக. “ஸ்டோர் ரூம் வேலை கேட்டு வைக்கச் சொன்னேனே, கேட்டீங்களா?”

வகுப்பில் மாப்பிள்ளை கரும்பலகையை ஒட்டி நின்றான். பிள்ளைகளைப் பார்த்து, வேண்டாம், பேசாமல் இருங்கள் என்று கண்ணால் கெஞ்சினான். சார் உற்சாகப்படுத்துகிறார் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வாளர் உள்ளே கால் வைத்ததும் வகுப்பு முழுதும் எழுந்து, ஒரே சமயத்தில் நெற்றியில் அறைந்து, கையை அவர் முகத்துக்கு நேராக உதறி, கூரை அதிரக் கத்தியது.

“பொல்தாரி சிமோ! நெய்மா நெய்மா, ருஷ்கோ!”

அக்கரைப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தலைமையாசிரியை மட்டும் பெருமிதத்தோடு ஆய்வாளரைப் பார்த்தார்.

ஆய்வாளர் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க,” என்றார்.

சொன்னார்கள். இந்தத் தடவை நெற்றி அறையும் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது.

“யார் சொல்லிக் கொடுத்தது இவங்களுக்கு?”

பாலத்தடி வீடு ஆற்றோடு போவது மாப்பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்தது. போவதுதான் போகிறது, பொய்யாவது சொல்லாமல் போகலாம் என்று நினைத்தான்.

“நான்தான் சார். எனக்கு உரிமம் கிடையாது, பயிற்சி கிடையாது. வீட்ல என் மாமியார் சொல்றதைக் கேட்டுக் கத்துக்கிட்டது.”

ஆய்வாளர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஃபைலைப் பிரித்து, நிரந்தரம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

“ரெண்டாவது வரி எனக்குப் புதுசு. ஆனா மொத வரி இருக்கே, கல்யாணமான நாள்லேர்ந்து நான் வாசப்படி ஏறும்போதெல்லாம் எங்க மாமியாரும் இதே மாதிரி நெத்தியைத் தட்டி இதையேதான் சொல்வாங்க, சார். ‘வாங்க மாப்பிள்ளை, நீங்க வந்ததும் வீடே நெறைஞ்சு போச்சு’ன்னு அர்த்தமாம், என் வீட்டுக்காரி சொல்லியிருக்கா.”